அப்பாவுக்கு வாங்கிய ஜிபிஎஸ் வாட்சும் பாத்திரக்கடையில் எண் வெட்டிய காப்பும்

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். சிம் கார்டு போடும் ஜிபிஎஸ் வாட்சுக்கு ஐந்துக்கு இரண்டரை. சாவிக்கொத்தில் மாட்டுகிற புளூடூத் டேகுக்கு ஒன்றரை. கழுத்தில் தொங்கவிடும் கியூஆர் டாலருக்கு இரண்டு. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து ஃபோன் எண் வெட்டி வாங்கிய செம்புக் காப்புக்கு நாலரை. நாலும் மறதி நோய் வந்த என் அப்பாவுக்காக வாங்கியவை. நாலையும் போட்டுப் பார்த்தார், மூன்றைக் கழற்றிப் போட்டார்.

இந்த மாதிரிப் பொருள்களுக்கு இணையத்தில் கிடைக்கிற விமர்சனங்களில் பாதி குழந்தைகள் வாட்சுக்கு எழுதியவை. திரை எத்தனை அங்குலம், ஆப் பார்க்க எப்படி இருக்கிறது, பட்டை என்ன கலரில் வருகிறது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதிவிடுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆள் காணாமல் போனால் இது கொண்டுவந்து சேர்க்குமா?

ஏன் அதையே பிடித்துத் தொங்குகிறேன் என்றால், எங்கள் பெரியப்பா 2018 மார்கழியில் தஞ்சாவூரில் விடியற்காலையில் கோயிலுக்கு என்று கிளம்பிப் போனவர் இன்னும் வரவில்லை. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி, கையில் ஃபோன் கிடையாது. பெயர் கேட்டால் சரியாகச் சொல்வார். ஊர் எது என்று கேட்டால், சின்ன வயதில் விட்டுவந்த கிராமத்தின் பெயரைச் சொல்வார், அங்கே இப்போது எங்களுக்கு ஒரு வீடு வாசல் கூட இல்லை. அப்போது நாங்கள் தேடாத இடம் இல்லை. பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், பெரியாஸ்பத்திரி பிணவறை, திருச்சியில் ரயில்வே போலீஸ், அப்புறம் அன்னதானம் போடுகிற ஊராகப் பார்த்துப் பழனி, திருவண்ணாமலை, ராமேஸ்வரம். சாமியார்களும் பிச்சைக்காரர்களும் உட்கார்ந்திருக்கிற வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போவது எப்படிப்பட்ட வேலை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். கடைகளில் கேமரா இருந்தது, ஆனால் நாங்கள் போய்க் கேட்ட நேரத்தில் பல கடைகளில் பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிட்டது. தொடர்ந்து ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்துவிட்டதாக அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது, ஆனால் அதை வாங்கக் கோர்ட்டுக்குப் போகவேண்டும். பெரியம்மா போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பொட்டு வைப்பது வைக்காதது பற்றிச் சொந்தக்காரர்கள் பேசியதையெல்லாம் இங்கே எழுத இஷ்டமில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, அப்பாவுக்கும் அதே நோய் என்று டாக்டர் சொன்ன வாரமே நான் வாட்ச் ஆர்டர் போட்டுவிட்டேன்.

அப்பா திருச்சி பொன்மலைக்காரர். நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் இங்கே வந்த ரயில்வே பணிமனையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆகி எவ்வளவோ காலம் ஆகியும் விடியும் முன்னே எழுந்து, ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று சட்டை மாட்டிக்கொள்வார். மறதி நோய் வந்தவர்கள் காரணம் இல்லாமல் திரிவதாக வெளியில் நினைக்கிறார்கள். அவர்கள் மனதில் ஒரு காரணம் இருக்கும், அது முப்பது வருடம் பழைய காரணம், அவ்வளவுதான். இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஆறு பேர் ஒரு தடவையாவது வழி தவறிப் போவார்கள் என்று அமெரிக்க அல்சைமர் சங்கம் சொல்கிறது. 2023-இல் வந்த ஒரு பெரிய ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. இவ்வளவு பேர் இருக்கிற நாட்டில் இதற்கென்று ஒழுங்கான ஒரு பொருளை யாராவது செய்து விற்றால் என்ன என்று எனக்குக் கோபம் வருகிறது, சரி, விமர்சனத்துக்கு வருகிறேன்.

வாட்ச். பிராண்டுப் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் ஒரே சீனச் சரக்கு ஐந்தாறு பெயரில் விற்கிறது, ஆப் கூட ஒன்றேதான். உள்ளே ஒரு சிம் போடவேண்டும். இங்கேயே முதல் குழப்பம்: விலை குறைந்த வாட்சுகள் பலவும் 2ஜியில் ஓடுபவை, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, ஆக ஜியோ சிம் வைத்திருக்கிறவர்கள் வேறு கம்பெனி சிம் ஒன்று தனியாக வாங்கவேண்டும். பெட்டியில் இதைப் பெரிதாகப் போட்டிருக்க மாட்டார்கள். வாங்கும்முன் 4ஜி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதற்கு மாதா மாதம் ரீசார்ஜ் வேறு. யாரும் பேசாத சிம், அதனால் ரீசார்ஜ் முடிந்தது கூட யாருக்கும் தெரியாது.

பேட்டரி மூன்று நாள் நிற்கும் என்று போட்டிருந்தார்கள். அது வாட்ச் எப்போதாவது ஒருமுறை இருப்பிடம் அனுப்பினால் நிற்கும் கணக்கு. நிமிடத்துக்கு ஒரு தரம் அனுப்பும்படி வைத்தால் சாயங்காலத்துக்குள் படுத்துவிடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் பேட்டரி நிற்கும், ஆனால் பத்து நிமிடத்தில் ஒருவர் டவுன் பஸ்ஸில் எங்கே போய்விடலாம் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் கட்டடங்களுக்கு நடுவிலும் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காதபோது செல்போன் டவரை வைத்துக் குத்துமதிப்பாக ஒரு புள்ளி காட்டுகிறது, அந்தப் புள்ளி சில நேரம் பொன்மலை ஆர்மரி கேட்டில் இருக்கிறவரைத் திருச்சி ஜங்ஷனில் காட்டும். திறந்த வெளியில் சரியாகக் காட்டுகிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். அழைப்பு வசதி நன்றாக இருக்கிறது, வாட்சிலிருந்தே நம் குரல் கேட்கும், ஆனால் மணிக்கட்டிலிருந்து மகன் பேசுவது அப்பாவுக்கு ஆச்சரியமாக இருந்து, அப்புறம் பயமாக ஆகிவிட்டது. ஆபத்து பட்டனைத் தெரியாமல் அமுக்கி அமுக்கி வீட்டில் எல்லோருடைய ஃபோனும் அலறும், நாலைந்து நாளில் யாரும் கண்டுகொள்வதில்லை. அது பெரிய குறை. அபாயச் சங்கு நிஜமாக ஊதும்போது நாம் காது கொடுக்கவேண்டுமே.

அப்பா அதைக் கையில் கட்டிய அன்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, மாட்டுக்குக் காதுல மஞ்சள் வில்லை அடிக்கிறாங்களே, அதுவா இது?" என்றார். பன்னிரண்டு இலக்க எண் போட்ட அந்த வில்லையைத்தான் சொன்னார். நான் சிரித்து மழுப்பினேன். ஒரு ஆளைக் கேட்காமல் அவர் போகுமிடமெல்லாம் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது சரியா என்ற கேள்வி எனக்கும் உண்டு. பதில் சுலபமில்லை. புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கும்போதே, நோயின் ஆரம்பத்திலேயே, உட்காரவைத்துக் கேட்டுவிடுவது நல்லது, ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கட்டத்தில் நோய் இருப்பதையே ஒத்துக்கொள்ள மாட்டோம்.

அடுத்து டேகுகள். ஆப்பிள் ஏர்டேக், அதே வகையில் ஆண்ட்ராய்டு ஃபோனோடு வேலை செய்கிற ஜியோடேக் கோ மாதிரியானவை. சின்னதாக இருக்கும், பட்டன் பேட்டரி சுமார் ஒரு வருடம் வரும், சிம் வேண்டாம், சட்டையில் தைத்துவிடலாம். இந்தக் காரணங்களுக்காகவே நிறையப் பேர் பெரியவர்களுக்கு வாங்கிப் போடுகிறார்கள். ஆனால் இதற்குள் ஜிபிஎஸ் கிடையாது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. பக்கத்தில் போகிற வேறு யாருடைய ஃபோனோ இதன் புளூடூத்தைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தை அனுப்பினால்தான் நமக்குப் புள்ளி வரும். ஏர்டேகுக்கு அந்த ஃபோன் ஐஃபோனாக இருக்கவேண்டும். சென்னையில் ஒரு மாலுக்குள் தொலைந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒரத்தநாடு பக்கம் வயக்காட்டு வரப்பில் நடந்துபோகிற பெரியவரைச் சுற்றி ஐஃபோன் எத்தனை இருக்கும்? ஆண்ட்ராய்டு வலைப்பின்னல் பரவாயில்லை என்று பார்த்தால், அந்தரங்கப் பாதுகாப்புக்காக ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் மட்டும் பல ஃபோன்கள் சேர்ந்து சொன்னால்தான் இடத்தைக் காட்டும் என்பதுதான் எல்லோருடைய ஃபோனிலும் முதலிலேயே இருக்கிற அமைப்பு. ஆக, ஆள் இல்லாத இடத்துக்குப் போகிறவருக்கு இது ஆகாது, காணாமல் போகிறவர்களில் ஆபத்தில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மாதிரி இடத்துக்குத்தான் போகிறார்கள். தேடும் வேலையில் இருக்கிறவர்கள் சொல்வது, இந்த நோயாளிகள் எதிலாவது முட்டி நிற்கும்வரை நேராகப் போய்க்கொண்டே இருப்பார்கள் என்று. முள்ளுக்காடோ, வாய்க்காலோ, கம்பி வேலியோ வந்தால் அதிலேயே சிக்கி நிற்பார்கள், திரும்பி வரத் தெரியாது, கூப்பிட்டால் குரல் கொடுக்கவும் மாட்டார்கள். ஏர்டேக் விஷயத்தில் இன்னொன்று, உரிமையாளரின் ஃபோனைவிட்டு நெடுநேரம் பிரிந்திருந்தால் அது தானாகக் கீச்கீச் என்று சத்தம் போடும், ரகசியமாக யாரும் யாரையும் பின்தொடரக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடு. இது பொருள்களுக்காகச் செய்தது, ஆட்களுக்கு அல்ல என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. தயாரித்தவனே வேண்டாம் என்கிறபோது நாம் ஏன் வம்படியாக? ஒன்றரை மதிப்பெண் கொடுத்தது கூட வீட்டுக்குள் தொலைகிற மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் இப்போது உபயோகமாக இருப்பதால்.

கியூஆர் டாலர், அதாவது ஃபோனில் ஸ்கேன் பண்ணினால் வீட்டாரின் விவரம் வருகிற டாலர், நல்ல எண்ணம்தான். 2023-இல் மும்பையில் வழி தெரியாமல் நின்ற ஒரு சிறப்புக் குழந்தையைக் கழுத்திலிருந்த கியூஆர் டாலர் அன்றைக்கே வீட்டில் சேர்த்தது செய்தியில் வந்தது. ஜப்பானில் டோக்கியோவுக்குப் பக்கத்தில் இருக்கிற இருமா என்ற நகரம் 2016-லேயே முதியோர்களின் விரல் நகத்தில் ஒட்டுகிற ஒரு சென்டிமீட்டர் கியூஆர் ஸ்டிக்கரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது, தண்ணீர் பட்டாலும் இரண்டு வாரம் போல நிற்கும், சட்டையும் செருப்பும் மாற்றினாலும் நகம் கூடவே வருமே. யோசித்தவரைக் கும்பிடலாம். ஆனால் நம் ஊரில் கியூஆர் என்றால் ஒரே அர்த்தம்தான். எங்கள் தெருமுனை டீக்கடையில் அண்ணனிடம் இந்த டாலரைக் காட்டி, "இப்படி ஒருத்தர் கழுத்துல மாட்டிக்கிட்டு நின்னா என்னண்ணே பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "இப்பல்லாம் பிச்சை கூட ஜிபேல வாங்குறாங்க தம்பி, அஞ்சோ பத்தோ போட்டுவிடுவேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். இன்னொருத்தர், தெரியாத கியூஆரை ஸ்கேன் பண்ணினால் அக்கவுண்டில் இருக்கிற காசு போய்விடும் என்று கையை எடுத்துவிட்டார். போலீஸ்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், ஆஸ்பத்திரியில் தெரிந்திருக்கும். ஆனால் தொலைந்த ஆளை முதலில் பார்ப்பது அவர்களா?

காசு செலவழித்து நான் தெரிந்துகொண்டது இந்த இடத்தில்தான் இருக்கிறது. வாட்சும் டேகும் வீட்டில் இருக்கிற நம்மோடு பேசுகின்றன. காணாமல் போன ஆளோ பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஒருவரோடுதான் இருக்கிறார், ஒரு கண்டக்டரோ பூக்காரம்மாவோ கோயில் வாசல் செருப்புக் கடைக்காரரோ. அந்த ஆளுக்கு நம் ஃபோனில் ஓடுகிற புள்ளியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் கண்ணில் பட்டவுடன் புரிகிற மாதிரி ஒன்று வேண்டும், ஆப் இல்லாமல், ஸ்கேன் இல்லாமல், தமிழ் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி. பத்து இலக்க எண்தான் அது. விஜயவாடாவில் இறங்கிவிட்டாலும் படிப்பார்கள்.

பெயர் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஜப்பானில் நடந்த ஒரு சம்பவம் சொல்கிறேன். டோக்கியோவில் 2007 அக்டோபரில் மறதி நோயுள்ள ஒரு அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு இரவே குன்மா மாகாணத்தில் தத்தெபயாஷி என்ற ஊரில் போலீஸ் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. உடுப்பில் பெயர் எழுதியிருந்தது. ஆனால் போலீஸ் அனுப்பிய தகவலில் பெயரின் எழுத்து முன்பின்னாக மாறிப்போனது, வீட்டுக்காரர் டோக்கியோவில் கொடுத்த புகாரோடு அது ஒட்டவே இல்லை. அந்த அம்மா அந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேறு பெயரில் ஏழு வருடம் இருந்தார், கண்ணெதிரே ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில். 2014-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. டிவி ஒரு நிகழ்ச்சியில் அவர் முகத்தைக் காட்ட, கணவர் பார்த்து அடையாளம் கண்டு ஓடினார். அதற்குள் மனைவிக்குப் பேச்சு ஏறக்குறைய போய்விட்டது. எண் ஒன்று எழுதியிருந்தால் அன்று ராத்திரியே முடிந்திருக்கவேண்டிய விஷயம். அதே ஜப்பானில் 2023-இல் மட்டும் மறதி நோயோடு காணாமல் போனதாகப் பதிவானவர்கள் 19,039 பேர். அவர்களில் பெரும்பாலோர் சில நாளில் கிடைத்துவிடுகிறார்கள், ஐந்நூறு பேருக்கு மேல் பிணமாகத்தான் கிடைத்தார்கள். அவ்வளவு ஒழுங்கான நாட்டிலேயே இந்தக் கதை.

நம் ஊரில் துணியில் குறி போடுவது புதிதில்லை. சலவைக்காரர்கள் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி போடுவார்கள், அழியாத மையில். அந்தச் சலவைக் குறியை வைத்து அடையாளம் தெரியாத பிணத்துக்குப் பெயர் கண்டுபிடித்த காலம் போலீசுக்கு இருந்தது. இப்போது வாஷிங் மெஷினில் போடுகிறோம், குறி போய்விட்டது. அப்பாவின் சட்டைக் காலரின் உள்பக்கம், வேட்டி மடிப்பு, உள்பனியன் எல்லாவற்றிலும் டெய்லரிடம் சொல்லி எண் எழுதிய நாடாத் துண்டு தைத்திருக்கிறேன், இது ஒரு பக்கம்.

காப்புக்கு வருகிறேன். திருச்சி பெரிய கடை வீதிப் பக்கம் பாத்திரக்கடைகளில் குடம், அண்டா வாங்கினால் பெயர் வெட்டித் தருகிறவர் ஒருவர் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார், சின்ன மெஷின், கொர்ர்ர் என்று சத்தம். கல்யாணச் சீருக்கு வாங்கிய பாத்திரத்திலெல்லாம் நாள் நட்சத்திரத்தோடு பெயர் வெட்டுவார்களே, அதே ஆள். பட்டையாக இருக்கிற செம்புக் காப்பு ஒன்றை வாங்கி அவரிடம் கொடுத்து, வெளிப்பக்கம் என் எண், தங்கை எண் இரண்டையும் வெட்டச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் காசு வாங்கமாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன், ஒரு டிஃபன் செலவு கூட இல்லை. எண்ணுக்கு முன்னால் அவராகவே சின்னதாக ஒரு ஃபோன் ரிசீவர் படம் போட்டுக் கொடுத்தார். அந்தப் படம்தான் சாமர்த்தியம், பார்த்ததும் கூப்பிடத் தோன்றுகிறது. பெயரோ முகவரியோ போடவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்பா யார் பின்னாலும் போய்விடுவார்.

அப்பா இதை மறுபேச்சு இல்லாமல் போட்டுக்கொண்டார். செம்புக் காப்பு உடம்புக்குக் குளிர்ச்சி என்று பணிமனையில் அவரோடு இருந்தவர்கள் நிறையப் பேர் போட்டிருந்தார்களாம். கருவி மாதிரி இல்லாமல் நகை மாதிரி இருப்பதால் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. சார்ஜ் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், மழையில் நனையலாம்.

பரீட்சையும் நடந்தது. ஒருநாள் விடியற்காலையில் அப்பாவைக் காணோம். ஆப்பைத் திறந்தால் வீட்டிலேயே இருக்கிறார் என்று பச்சைப் புள்ளி காட்டுகிறது. மாடி, கொல்லை எல்லாம் தேடினோம். வாட்ச் பாத்ரூம் ஜன்னல் திட்டில் இருந்தது. அதை நம்பித் தேடியதில் போன நேரம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் வாட்ச் இல்லாத வீடாக இருந்தால் கதவு திறந்திருப்பதைப் பார்த்ததுமே தெருவுக்கு ஓடியிருப்போம். அந்த நேரத்தில் ஃபோன் வந்தது. டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர். "சார், பெரியவர் ஒருத்தர் ஏறினாரு, டிக்கெட் கேட்டா ஸ்டாஃப்ங்கிறாரு, எங்க போகணும்னா வொர்க்‌ஷாப்ங்கிறாரு, பஸ் சத்திரம் போவுது. கம்பியப் பிடிச்சிருந்த கையில நம்பர் பார்த்தேன்." சத்திரம் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பரிடம் உட்காரவைத்திருந்தார்கள், கையில் டீயோடு. நான் போனதும் அப்பா, "லேட்டாயிருச்சுடா, ஆப்சென்ட் போட்டிருப்பான்" என்றார். அந்தக் கண்டக்டர் அடுத்த டிரிப் போய்விட்டார். மறுநாள் போய் நன்றி சொன்னேன்.

குறை சொல்லாமல் விமர்சனம் எழுதினால் நம்பமாட்டீர்கள். முழுக்கைச் சட்டை போட்டால் காப்பு மறைந்துவிடும், ஆகவே அரைக்கைதான். செம்பு கறுத்தால் எண் தெரியாது, வாரத்துக்கு ஒருதரம் புளி போட்டுத் தேய்க்கவேண்டும். தோலில் பச்சையாகக் கறை படிகிறது, கழுவினால் போய்விடும். மெல்லிய தகட்டில் வெட்டினால் எழுத்து நாளடைவில் தேயும், தகடு கனமாக இருக்கட்டும், ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். கை வீங்குகிறவர்களுக்கு முழு வளையம் வேண்டாம், வாய் திறந்த காப்பே நல்லது. வெள்ளியில் செய்யாதீர்கள், காப்புக்காகவே ஆளை இழுத்துக்கொண்டு போகிறவன் ஒருத்தன் வருவான். எல்லாவற்றுக்கும் மேல், ஆளே இல்லாத காட்டுக்குள் போய்விட்டவருக்கு இந்தக் காப்பால் உபகாரம் இல்லை. அதற்காகத்தான் வாட்சையும் தூக்கிப் போடாமல், 4ஜி வாட்ச் ஒன்று வாங்கி இடது கையில் கட்டியிருக்கிறேன், இப்போது அவர் வைத்திருக்கும் நேரம்வரை லாபம் என்று.

சேவைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆள் காணவில்லை என்றால் இருபத்துநாலு மணி நேரம் பொறுத்துவிட்டு வாருங்கள் என்று ஒரு சட்டமும் சொல்லவில்லை. பெரியப்பா விஷயத்தில் ஒரு ஸ்டேஷனில் எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள், இன்னொன்றில் எங்கள் எல்லை இல்லை என்றார்கள், கடைசியில் முதலில் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் அப்புறம்தான் மேன் மிஸ்ஸிங் எஃப்.ஐ.ஆரும் கிடைத்தன. இப்போது எல்லைப் பேச்சுக்கு இடமில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றம் பற்றிய தகவலை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம் என்று 173-ஆம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறார்கள். வழி தவறிய கேஸில் அதையே சொல்லிப் பார்த்து உரிமையோடு கேளுங்கள். முதலில் 112-க்கு அடியுங்கள். போட்டோ கேட்பார்கள், அங்க அடையாளம் கேட்பார்கள், என்ன கலர் சட்டை என்பார்கள், அந்தப் பதற்றத்தில் ஒன்றும் வாயில் வராது. எங்களிடம் இருந்த பெரியப்பா போட்டோ ஒரு கல்யாணத்தில் மாலையோடு எடுத்தது. இங்கிலாந்து போலீசில் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது, நார்மண்டியில் சண்டை போட்ட ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற பழைய சிப்பாய், மறதி நோயில் தன் சின்ன வயது வீட்டைத் தேடிப் போய் இறந்துபோனார், அவர் பெயரில்தான் அந்த ஏற்பாடு. ஆள் வீட்டில் இருக்கும்போதே குடும்பம் நிரப்பி வைத்துவிடும்: பழைய வீடு எங்கே, வேலை பார்த்த இடம் எங்கே, வழக்கமாகப் போகிற கோயில் எது, என்ன மாத்திரை. நம் போலீசில் அந்தப் படிவம் இல்லாவிட்டால் என்ன, ஒரு முழுத் தாளில் எழுதி, இந்த மாதம் எடுத்த போட்டோவோடு வாட்ஸாப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

14567 என்ற முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை. யாராவது ஒரு பெரியவர் வழி தெரியாமல் நிற்பதைப் பார்த்தாலும் நீங்கள் இதற்குச் சொல்லலாம், ராத்திரியானால் 112. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாத உடல்கள் இரண்டையும் தேடிப் பார்க்க வழி இருக்கிறது, பெரியம்மாவின் பேத்தி இன்னும் அதைப் பார்க்கிறாள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நூறாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, இதைப் பலபேர் கேள்விப்பட்டதில்லை: மனநோய் உள்ளவர் வீடில்லாமல் தெருவில் திரிந்தால், காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியது அந்த ஸ்டேஷன் அதிகாரியின் கடமை. அந்தச் சட்டம் மனநோய்க்குக் கொடுக்கிற விளக்கத்தில் நினைவுக் குறைபாடும் வருகிறது. எங்கள் பெரியப்பா ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு ஸ்டேஷன் வாசலைக் கடந்துதான் போயிருப்பார். முதியோர் இல்லங்களில், காப்பகங்களில் இப்படிப் பெயர் தெரியாமல் இருக்கிறவர்களுக்கு ஆதார் எடுக்கப்போய், ஏற்கெனவே பதிவு இருக்கிறது என்று தெரிந்து வீடு கிடைத்த சம்பவங்கள் உண்டு. வயதானவர்களுக்குக் கைரேகை தேய்ந்திருக்கும், கண் பதிவு நிற்கும். அப்பா ஆதாரில் கண் பதிவையும் ஃபோன் எண்ணையும் புதுப்பித்துவிட்டேன், உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் செய்துவிடுங்கள்.

காப்பு வெட்டப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், முகூர்த்த நாளில் போகாதீர்கள், சீர்ப் பாத்திரம் மலையாக அடுக்கியிருக்கும், உங்களை நிற்கவைத்துவிடுவார். எண்ணைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டுபோய், வெட்டியதும் அங்கேயே அந்த எண்ணுக்கு அவர் ஃபோனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்புறம், தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தால் லோன்காரன் என்று நினைத்துக் கட் பண்ணும் பழக்கத்தைக் காப்பில் எண் போட்டவர்கள் விட்டுவிடவேண்டும். என் தங்கையிடம் இதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.